நேராப் போன குற்றம்

நான் பல் செட் செய்யறவன். அரை மில்லிமீட்டர் தூக்கலா இருந்தா போதும், போட்டுக்கிட்டவங்க மறுநாளே வந்து என் மேஜை மேல அதைக் கழட்டி வெச்சுட்டு, வெறும் வாயாலயே என்னைத் திட்டித் தீர்த்துடுவாங்க. அதனால அளவுன்னா எனக்கு பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. ஏழெட்டு வருஷம் முன்னாடி, கார் சக்கரத்தோட அளவு பார்க்கறதுக்குன்னே அரசாங்கம் ஒரு ஆபீஸ் திறக்குதுன்னு பேப்பர்ல படிச்சப்போ, நான் மனசாரக் கும்பிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

எங்கிட்ட ஒரு பழைய வெள்ளைக் கார் இருக்கு. வாரத்துல மூணு நாள் காலையில என் சம்சாரத்தை அதுலதான் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரி நாப்பது கிலோமீட்டர் தள்ளி. பாதி தூரத்துக்கு ரோட்டோட இடது பக்கத்துலயே ஒரு கால்வாய் கூட வரும், தடுப்புச் சுவர்னு ஒண்ணு கிடையாது. அவளுக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்டு நாலு வருஷமாச்சு. ஒரு நாள் தவறினா கால் வீங்கும். ரெண்டு நாள் தவறினா மூச்சு வாங்கும். மூணாவது நாளை நாங்க பார்த்ததில்ல, பார்க்கவும் வேண்டாம்.

போன வருஷம் அந்தக் கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது. ஸ்டியரிங்கை விட்டா கால்வாயைப் பார்த்துப் போகும், மாடு தண்ணியைப் பார்த்துப் போற மாதிரி. எழுபதைத் தாண்டினா ஸ்டியரிங்கே கையில நடுங்கும். தெருமுனையில டயர் கடை வெச்சிருக்கற அக்காகிட்ட கொண்டு போனேன். ஊரே அவங்களை டயரக்கான்னுதான் கூப்பிடும். அவங்க முதல்ல நாலு டயர்லயும் காத்து பார்த்தாங்க. அப்புறம் வண்டியோட ரெண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டினாங்க. ஒரு குண்டு நூலைத் தொங்கவிட்டு, சக்கரம் மேலயும் கீழயும் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அளந்தாங்க.

"தம்பி, ரெண்டு வியாதியை ஒண்ணா நினைச்சுக் குழப்பிக்காதே. வண்டி ஒரு பக்கம் இழுத்தா, டயர் ஒரு ஓரமாத் தேஞ்சா, அது அலைன்மென்ட். சக்கரம் பார்க்க வேண்டிய திசையைப் பார்க்கல, நிக்க வேண்டிய மாதிரி நிக்கலன்னு அர்த்தம். வேகத்துல ஸ்டியரிங் நடுங்கினா அது பேலன்சிங். டயர்ல ஒரு இடம் கனம், ஒரு இடம் லேசு. கனத்துக்கு எதிர்ப்பக்கத்துல ஈயக்கட்டி ஒட்டினா அடங்கிடும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். ஒண்ணுக்குப் பத்து கிராம், ஒண்ணுக்கு முப்பது, ஒண்ணுக்குச் சுத்தமா வேண்டாம்."

சாயங்காலம் வண்டியை வாங்கிட்டு வந்தேன். மறுநாள் கால்வாய் ரோட்டுல ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கை லேசா விட்டுப் பார்த்தேன். அம்பு மாதிரி நேராப் போச்சு. என் சம்சாரம் ஆஸ்பத்திரி வரைக்கும் தூங்கிட்டே வந்தா. நாலு வருஷத்துல அவ கார்ல தூங்கினது அன்னிக்குத்தான்.

நிம்மதியா இருந்தேன். ஆனா நம்ம நிம்மதி யாருக்குப் பொறுக்கும்?

அந்த மாசமே சட்டம் வந்தது. அதுவரைக்கும் புது வண்டிக்கு மட்டும்தான் இருந்தது, இனிமே பழசு உட்பட எல்லா வண்டியும் அந்த ஆபீஸ்ல, அதாவது ஊர்திச் செம்மைச் சான்றகத்துல, சோதிச்சு சான்று வாங்கணும். மாசக் கடைசிக்குள்ள வாங்காத வண்டியைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. நமக்கென்ன பயம், நம்ம வண்டிதான் நேராப் போகுதேன்னு, டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பார்த்து அவளையும் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கும் வெளியே காத்து வாங்கின மாதிரி இருக்கும்னு நினைச்சேன்.

முதல் கவுன்ட்டர்ல கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. படிவத்துலேர்ந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"வண்டி எந்தப் பக்கம் இழுக்குது?"

"எந்தப் பக்கமும் இழுக்கலைங்க."

"இழுக்கலைன்னா எதுக்கு வந்தீங்க?"

"சான்று வாங்கத்தாங்க."

"சார், இது சரி பண்ற ஆபீஸ். குறையோட வந்தா நிறையோட அனுப்புவோம். குறையே இல்லாம வந்து நின்னா நாங்க எதைச் சரி பண்றது? படிவத்துல ரெண்டே கட்டம்தான். இடதா, வலதா?"

என் சம்சாரம் எட்டிப் பார்த்து, "நேருக்குக் கட்டம் இல்லீங்களா?"ன்னு கேட்டா.

"அப்படி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லம்மா"ன்னு சொல்லிட்டு அவரே வலதுல ஒரு டிக் போட்டார்.

அடுத்தது மைதானம். நீளமா ஒரு வெள்ளைக்கோடு போட்டிருந்தாங்க. வண்டி அந்தக் கோட்டு மேலயே ஓடணும், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சோதனை அதிகாரி கையில விசிலோட நின்னார். நான் கோட்டுல நிறுத்தி, கையை எடுத்துட்டுப் போனேன். பத்து மீட்டர் வரைக்கும் கோடும் நானும் ஒண்ணாப் போனோம். அப்புறம் கோடு மெல்ல இடது பக்கம் வளைஞ்சு போச்சு, நான் நேராப் போனேன். விசில் காதைக் கிழிச்சுது.

"வலது இழுப்பு! நாலு புள்ளி!"

இறங்கிப் போய்க் குனிஞ்சு பார்த்தேன். சின்னப் பிள்ளை பார்த்தாலும் தெரியும். "சார், கோடுதானே வளைஞ்சிருக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோடு எப்படிங்க வளையும்? அது கோடு."

இயந்திரத்துல ஏத்தினாங்க. அதுவும் வலது நாலு புள்ளின்னே சொல்லிச்சு. இயந்திரம் பொய் சொல்லுமான்னு சோதனை அதிகாரி கேட்டார். என்னோட தொழில்லயும் ஒரு இயந்திரம் இருக்கு, அது பொய் சொன்னதை ஒரு கிழவரோட ஈறு சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அதை அங்க சொல்லி என்ன ஆகப் போகுது?

அடுத்த அறை சமநிலைப் பிரிவு. அங்க ஒரு அம்மா, கறாரான முகம். நாலு சக்கரத்தையும் பார்த்தாங்க, முகம் சுருங்கிப் போச்சு.

"இதுல பத்து கிராம், அதுல முப்பது, இதுல ஒண்ணுமே இல்ல. என்னங்க இது பாரபட்சம்?"

"அந்தச் சக்கரத்துக்குத் தேவைப்படலைங்க மேடம்."

"தேவையை நீங்க முடிவு பண்ணாதீங்க. சமநிலைன்னா எல்லாத்துக்கும் சமம். இந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பேத்ததுலேர்ந்து எந்தச் சக்கரத்தையும் நான் குறைச்சு நடத்தினதில்ல."

நாலு சக்கரத்துலயும் அறுபது அறுபது கிராம் ஈயத்தை ஒட்டினாங்க, ஒரே இடத்துல, அளவுகோல் வெச்சு. வெளியே எடுத்து ஓட்டினேன். ஐம்பதுலயே கார் சல்லடை மாதிரி ஆடிச்சு. என் சம்சாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஏங்க, எனக்குக் கிட்னிதாங்க போச்சு. மிச்சத்தையாவது விட்டு வைங்க"ன்னா. திரும்பிப் போய் நடுங்குதுன்னு சொன்னேன். அந்த அம்மா சிரிக்காமச் சொன்னாங்க: "நல்லதுதானே. ஓட்டறவர் தூங்க மாட்டார். போன வருஷம் இதுக்காகவே எங்க பிரிவுக்கு விருது கொடுத்தாங்க."

மேல்முறையீடு செய்யலாம், மூணாவது மாடியில இயக்குநர்கிட்ட போகணும்னாங்க. அவரைப் பார்க்கக் காத்திருந்தப்போ, மரத்தடியில அவரோட டிரைவர் ஒரு கறுப்புக் காரைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். பேச ஆள் கிடைக்காத மனுஷன், கொட்டித் தீர்த்துட்டார்.

"இதுதாங்க மாதிரி வண்டி. தெரியாதா உங்களுக்கு? வருஷத்துக்கு ஒருதடவை தரம் நிறுவும் நாள்னு கொண்டாடுவாங்க. கம்பளம் விரிச்சு, ரிப்பன் வெட்டி, இந்த வண்டியை இயந்திரத்துல ஏத்துவாங்க. இது எப்படி நிக்குதோ அதுதான் சைபர். மத்த வண்டியெல்லாம் இதை வெச்சுத்தான் அளப்பாங்க. மைதானத்துல கோடு போட்டாங்களே, சாயத் தள்ளுவண்டியை இதோட பின்னாடிதான் கட்டி இழுத்தோம்."

"இந்த வண்டி நேரா இருக்குன்னு யார் பார்த்தாங்க?"

டிரைவர் சுத்தும் முத்தும் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினார். "திறப்பு விழாவுக்கு மொத நாள் நான் இதை ஆபீஸ் வாசல் தூண்ல மோதிட்டேன். முன்சக்கரம் உள்ளே ஒடுங்கிப் போச்சு. அன்னிலேர்ந்து இடது பக்கம் இழுக்குது. சொன்னா வேலை போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைச்சுட்டு, "இப்ப ஊர்ல எல்லா வண்டியும் இப்படித்தான் போகுது. அதனால பெரிசா யாருக்கும் தெரியறதில்ல"ன்னார்.

அடப்பாவிகளா! ஒரு தூணுக்கும் ஒரு டிரைவரோட பயத்துக்கும் நடுவுல ஒரு ஊரையே சாய்ச்சு வெச்சிருக்காங்க!

டிரைவரோட பேரைச் சொல்லாம இயக்குநர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். உங்க வண்டியைத் தயவுசெஞ்சு ஒருதடவை அளந்து பாருங்கன்னேன். அவர் கோபப்படல. வாத்தியார் மக்குப் பையனைப் பார்க்கற மாதிரி பரிவாப் பார்த்தார்.

"எதை வெச்சு அளக்கறது?"

"இயந்திரத்தை வெச்சுங்க."

"அளந்தோமே. போன வருஷமும் அளந்தோம். சைபர் காட்டிச்சு. ஏழு வருஷமா சைபர்தான் காட்டுது. உலகத்துல வேற எந்த அதிகாரியோட வண்டியாவது ஏழு வருஷம் ஒரு புள்ளி கூட மாறாம இருந்திருக்கான்னு சொல்லுங்க பார்ப்போம்." அவர் நாற்காலியில சாய்ஞ்சார், இடது பக்கமா. "நான் இந்த வண்டியிலதான் தினமும் ஆபீஸ் வர்றேன். வழி தவறினதே இல்ல. நேர்மைங்கறது மேல இருக்கறவங்ககிட்டேர்ந்துதான் கீழே இறங்கணும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நேரை எடுத்துட்டு வந்தா நாடு என்ன ஆகறது? இருந்தாலும் நான் ஜனநாயகவாதி. நிபுணர் குழு போடறேன். செவ்வாய்க்கிழமை வாங்க."

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நாள். வேற நாள் கேட்டேன், குழு கூடறதே அபூர்வம்னு சொல்லிட்டாங்க. ஆள் வரலைன்னா மனு தள்ளுபடி. காலையில சீக்கிரம் முடிச்சுட்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஓடிடலாம்னு கணக்குப் போட்டோம். டயரக்காவும் நூலும் குண்டுமா கடையைப் பூட்டிட்டு எங்க கூட வந்தாங்க.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. குழு வந்தப்போ மணி மூணு. தலைவர் ஒருத்தர், பாலம் கட்டற நிபுணர் ஒருத்தர், மூணாவது ஆள் ஏன் வந்தார்னு அவருக்கே தெரியல. டயரக்கா குனிஞ்சு கறுப்புக் கார் பக்கத்துல நூலை இழுத்துக் கட்டினாங்க. பின்சக்கரத்துல ரெண்டு இடத்துலயும் ஒட்டி நின்ன நூல், முன்சக்கரத்துல ஒரு விரல்கட்டை தள்ளி நின்னுது. குருடனுக்கும் தெரியும்.

தலைவர் கண்ணாடியைப் போட்டு நூலையே பார்த்தார். "இந்த நூலுக்குச் சான்று இருக்கா?"

டயரக்கா நிமிர்ந்தாங்க. "என்னது?"

"நூல் நேரா இருக்குன்னு சான்றகம் கொடுத்த சான்று."

"ஐயா, இது இழுத்துக் கட்டின நூலுங்க. இழுத்துக் கட்டினா நூல் நேராத்தான் நிக்கும்."

"அது உங்க அபிப்பிராயம்"ன்னார் பாலம் கட்டற நிபுணர். "நூலை இயந்திரத்துல ஏத்திப் பார்த்தீங்களா?"

சொன்னா நம்ப மாட்டீங்க, ஏத்தினாங்க. நூலை இயந்திரத்துக்குக் குறுக்க ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இயந்திரம், வலது நாலு புள்ளின்னுச்சு. குழுவுக்கு முகம் மலர்ந்து போச்சு. மூணாவது ஆள் கூட அப்போதான் வாயைத் திறந்தார்: "பார்த்தீங்களா, வண்டிக்கும் நூலுக்கும் ஒரே கோளாறு. ரெண்டும் ஒரே கடையிலேர்ந்து வந்ததுதானே!" தீர்ப்பைத் தட்டச்சு பண்ணி, மூணு பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கறப்போ மணி ஆறு.

பெஞ்சுல உட்கார்ந்திருந்த என் சம்சாரத்தோட செருப்பு கால்ல ஏறல. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா, அவளோட மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு, இனி காலையிலதான் இடம்னாங்க. அன்னிக்கு எனக்கு வந்த கோபத்தை நான் யார் மேலயும் காட்டல. காட்டியிருக்கணும்.

தீர்ப்புப்படி அங்கயே என் காரை ஏத்தி இடது பக்கம் நாலு புள்ளி திருப்பிட்டாங்க. யாரும் மாத்தக் கூடாதுன்னு, சக்கரக் கோணத்தைத் திருகற போல்ட்டுல எல்லாம் கம்பி சுத்தி ஈய முத்திரை வெச்சாங்க. முத்திரையை அறுத்தா வண்டி பறிமுதல். கண்ணாடியில சான்று ஒட்டினாங்க, தங்க நிறத்துல. குமாஸ்தா எழுந்து கை குலுக்கி, "இப்ப உங்க வண்டி செம்மையா இருக்கு, பத்திரமாப் போங்க"ன்னார்.

மறுநாள் அவளைக் கொண்டு போய்ச் சேர்த்தேன். எப்படிச் சேர்த்தேன்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம் மூணு வாரம் அந்தக் கால்வாய் ரோட்டுல, கை ரெண்டும் மரத்துப் போற அளவுக்கு ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடிச்சுக்கிட்டே ஓட்டினேன். முன்னாடி பின்னாடி போற வண்டியெல்லாம் தங்கச் சான்றோட அப்படித்தான் கால்வாயை உரசிக்கிட்டுப் போகுது. ஓட்டறவங்க எல்லாரும் ஒரு தோள் தூக்கி உட்கார்ந்திருக்காங்க. யாரும் வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கறதில்ல. பல்லு வலியை வருஷக்கணக்காப் பொறுத்துக்கறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், ஆனா ஒரு ஊரே பொறுத்துக்கறதை இப்போதான் பார்த்தேன்.

நாலாவது வாரம் வண்டி பொறுத்துக்கல. ஒரு காலையில கிளம்பறதுக்கு முன்னாடி என் சம்சாரம் குனிஞ்சு இடது முன்டயரைத் தொட்டுப் பார்த்தா. உள்ளோரம் பூரா தேஞ்சு, டயருக்குள்ள இருக்கற நூலே வெளியே தெரிஞ்சுது.

"ஏங்க, இது வெடிச்சா எந்தப் பக்கம் போகும்?"

நான் சாவியைத் தேடற மாதிரி பையைத் தடவினேன்.

"சொல்லுங்க."

"கால்வாய்ப் பக்கம்."

அவ உள்ளே போய், பல் செட்டுக்குக் கம்பி வெட்டற என் கட்டரை எடுத்துட்டு வந்தா. நான் பதறிப் போயிட்டேன். "அடியே, பறிமுதல் பண்ணிடுவாங்க!"

"பண்ணட்டும். என்னைப் பறிமுதல் பண்றதுக்குள்ள அவங்க பண்ணட்டும்." எந்த போல்ட்டுன்னு என்னைக் காட்டச் சொல்லி, உட்கார்ந்து, ஒண்ணொண்ணா அறுத்துப் போட்டா. நறுக் நறுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. இந்தக் கையையா டாக்டர் பலவீனமா இருக்குன்னு சொன்னார்னு தோணிச்சு.

நான் போன் போட்டதும் சாமானோட வந்த டயரக்கா, கீழே கிடந்த முத்திரைத் துண்டுகளைக் காலால ஓரமாத் தள்ளிட்டு, "நான் ஒண்ணும் பார்க்கலம்மா"ன்னாங்க. பழையபடி நூல் கட்டி, குண்டு தொங்கவிட்டு, கோணத்தைத் திருப்பினாங்க. டயரை மாத்தினாங்க. அறுபது கிராம் ஈயத்தையெல்லாம் பிச்சு எறிஞ்சுட்டு, எதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் ஒட்டினாங்க. ஒரு மணி நேரம் தாமதம்னாலும் பரவாயில்லன்னு கிளம்பினோம்.

கால்வாய் ரோட்டுல ஏறினதும் சான்றகத்து ஜீப் நின்னுது. வண்டிகள் சரியா ஓரம் சாயுதான்னு பார்க்கற ரோந்து. நாங்க நடு ரோட்டுல நேராப் போறதைப் பார்த்ததும் விசில் ஊதினாங்க. என் கால் தானா பிரேக்குக்குப் போச்சு. அவ என் முழங்கால்ல கையை வெச்சா. "இன்னிக்கு நிறுத்தினா இன்னிக்கும் போச்சு. போங்க."

போனேன். கண்ணாடியில பார்த்தேன், ஜீப் துரத்துது. எண்பது. தொண்ணூறு. என் ஸ்டியரிங் அசையவே இல்ல. பின்னாடி அவங்க ஜீப்போ, துறையோட சொந்த வண்டியாச்சே, நாலு புள்ளி இடது, நாலு சக்கரத்துலயும் அறுபது கிராம். எண்பதுல தடதடன்னு ஆட ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தடவை எங்களை நெருங்கறப்பவும் கால்வாயைப் பார்த்து இழுத்துட்டுப் போகும். டிரைவர் பதறிப் பிரேக் போட்டு வலது பக்கம் ஒடிச்சு, மறுபடியும் துரத்தி, மறுபடியும் இழுத்துட்டுப் போயி... ஒரு மைல் தூரம் இதே கூத்து. கடைசியில கரையோரச் சேத்துல முன்சக்கரம் புதைஞ்சு நின்னுச்சு. அதிகாரி இறங்கி நின்னு, எங்களைப் பார்த்துத் தொடர்ந்து விசில் மட்டும் ஊதிக்கிட்டு இருந்தார்.

என் சம்சாரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியல. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சா.

பத்து நாள் கழிச்சு நோட்டீஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எடுத்துட்டுப் போய், அவ படுத்திருக்கறப்போ பக்கத்துல உட்கார்ந்து படிச்சேன். "தங்கள் ஊர்தி துறையின் பரிசோதனைக்கு உட்படாமல், மேற்படி சாலையில் வலப்புறமாகத் தப்பி ஓடியுள்ளது. துறையின் அனைத்து ஊர்திகளும் அதனைத் தேடும் பணியில் முடுக்கிவிடப்பட்டுள்ளன."

"என்னடி செய்யறது, எல்லா வண்டியையும் இறக்கிட்டாங்களே?"

ஒரு கையில ஊசியும் குழாயுமா படுத்திருந்தவ, இன்னொரு கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கி, முழுசாப் படிச்சு, நாலா மடிச்சுத் தலைகாணிக்கு அடியில வெச்சா.

"தேடட்டுமே. இடது பக்கமாத்தானே தேடுவாங்க."